தொழுகை கூடும், கபூலாகுமா? பெரும்பாவமும் இறையேற்பும்

மது அருந்தியவரின் தொழுகை 40 நாள் கபூலாகாது. இந்தச் செய்தி எட்டாத முஸ்லிம் வீடு நம்மிடையே அரிது. ஜும்ஆ பயானில் கேட்டிருப்போம். பிள்ளையைத் திருத்தப் பார்க்கும் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்போம். அதைக் கேட்டுக் குடியை விட்டவர்கள் உண்டு. கேட்டுத் தொழுகையை விட்டவர்களும் உண்டு. எப்படியும் கபூலாகப் போவதில்லை, பிறகு எதற்குத் தொழ வேண்டும், 40 நாள் கழியட்டும் என்பது அவர்கள் போடும் கணக்கு. நாளைக்கு ஐந்து வேளை வீதம் 40 நாளில் 200 பர்ளு தொழுகைகள் போய்விடுகின்றன. ஒரு பாவத்தைச் செய்துவிட்ட அச்சம், அதைவிடப் பெரிய இழப்பில் கொண்டுபோய்த் தள்ளுகிறது.

இந்தக் கணக்கு எங்கே பிழைக்கிறது? பெரும்பாவம் தொழுகையின் ஏற்பைப் பாதிக்கிறதா? துஆவைப் பாதிக்கிறதா? பாதிக்கிறதென்றால் எந்த அளவுக்கு, எதுவரை? குர்ஆனும் ஹதீஸும் இதில் சொல்வதென்ன, இமாம்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று வரிசையாகப் பார்ப்போம். விடையின் பெரும்பகுதி ‘கபூல்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

பெரும்பாவம் எது?

அழிவில் தள்ளும் ஏழு பாவங்களை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னதை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள்: இணைவைத்தல், சூனியம், அநியாயக் கொலை, வட்டி உண்ணுதல், அநாதையின் சொத்தை விழுங்குதல், போர்க்களத்தில் புறமுதுகு காட்டுதல், கற்புள்ள பெண்கள்மீது அவதூறு கூறுதல். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. பெரும்பாவங்கள் இந்த ஏழுதானா என்று கேட்கப்பட்டபோது, ஏழைவிட எழுபதுக்கே அவை நெருக்கமானவை என்று இப்னு அப்பாஸ் (ரலி) கூறியதாக அறிவிப்பு உண்டு. ஹிஜ்ரி 748இல் மறைந்த இமாம் தஹபியின் ‘அல்கபாயிர்’ எழுபது பாவங்களை வரிசைப்படுத்துகிறது. நரகம், இறைக்கோபம், சாபம், உலகிலேயே தண்டனை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கூறி எச்சரிக்கப்பட்ட பாவம் பெரும்பாவம் என்பது அறிஞர்கள் பலரும் ஏற்ற வரையறை.

இந்தப் பட்டியலில் இணைவைத்தல் தனி வகை. அது எல்லா அமல்களையும் அழித்துவிடும் என்று குர்ஆன் (39:65) வெளிப்படையாகவே சொல்கிறது. அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஈமான் உள்ள ஒருவர் அதற்குக் கீழே உள்ள பெரும்பாவத்தில் விழுந்துவிட்டால் அவருடைய வணக்கம் என்னவாகும் என்பதே இங்கே நம் கேள்வி.

ஒரு சொல், மூன்று பொருள்

நம் ஊர் ஆலிம்கள் மஸ்அலா சொல்லும்போது இரண்டு சொற்களைக் கையாள்வார்கள். ‘தொழுகை கூடும்’ என்பார்கள். ‘தொழுகை கபூலாகும்’ என்பார்கள். கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். சட்டத்தில் இரண்டும் வேறு.

‘கூடும்’ என்பது சட்டத்தின் பார்வை. உளூ, கிப்லா, நேரம், ருகூஉ, ஸுஜூது என்று ஷர்த்துகளும் பர்ளுகளும் நிறைவேறினால் தொழுகை கூடிவிடும். கடமை நீங்கிவிடும், களா செய்ய வேண்டியதில்லை. ‘கபூல்’ என்பது அதற்கும் மேலே, அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே உள்ளது. ஹிஜ்ரி 795இல் மறைந்த இப்னு ரஜப் ஹன்பலி (ரஹ்), நவவி இமாமின் நாற்பது ஹதீஸ்களுக்கு எழுதிய விரிவுரையில் இதை மூன்றாகப் பிரிக்கிறார். அமலைக் கொண்டு அல்லாஹ் மகிழ்ந்து, அதைச் செய்தவரை வானவர்களிடம் பாராட்டுவது ஒரு வகை ஏற்பு. அமலுக்கு நற்கூலி கொடுப்பது இன்னொரு வகை. கடமை நீங்குவது மட்டும் மூன்றாவது வகை. ஆகவே ஏற்கப்படாது என்று ஒரு ஹதீஸில் வந்தால், இந்த மூன்றில் எது மறுக்கப்படுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தூய்மையின்றித் தொழுகை ஏற்கப்படாது, மோசடிப் பொருளிலிருந்து தர்மம் ஏற்கப்படாது என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. அதன் முதல் பாதியில் மறுக்கப்படுவது கடமை நீங்குதலே. உளூ இல்லாமல் தொழுதவர் திரும்பத் தொழுதாக வேண்டும். தொழுகையின் ஷர்த்து ஒன்று அங்கே இல்லாமல் போயிருக்கிறது. குடித்தவர் போதை தெளிந்து, வாய் கொப்பளித்து, உளூச் செய்து, முறையாகத் தொழுதால் எந்த ஷர்த்தும் தவறவில்லை. அவருடைய தொழுகை ஏற்கப்படாது என்ற சொல்லுக்கு அப்படியானால் என்ன பொருள்?

நாற்பது நாள் ஹதீஸ்கள்

இப்படி ஒரு குறிப்பிட்ட பாவத்தோடு தொழுகையின் ஏற்பைப் பிணைக்கும் ஹதீஸ்கள் சில உள்ளன. மது அருந்தியவர் பற்றிய ஹதீஸைத் திர்மிதி, நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்கள் பதிவு செய்துள்ளன. எதிர்காலத்தையும் மறைவானதையும் அறிவதாகச் சொல்லிக்கொள்பவரிடம் போய் ஒன்றைக் கேட்டவரின் தொழுகை 40 இரவுகள் ஏற்கப்படாது என்ற ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. குறி கேட்பதும் ஜோசியம் பார்ப்பதும் பால்கிதாப் பார்ப்பதும் சிறிய விஷயம் என்று நினைப்பவர்கள் இந்த ஹதீஸைக் கவனிக்க வேண்டும். அடிமைமுறை நிலவிய காலத்தில், எசமானை விட்டு ஓடிப்போன அடிமையின் தொழுகை பற்றி ஜரீர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸும் முஸ்லிமில் உண்டு. மக்கள் வெறுக்கும் நிலையில் அவர்களுக்குத் தலைமையேற்றுத் தொழுவிப்பவர், ஒருவரோடொருவர் உறவை முறித்துக்கொண்ட சகோதரர்கள் ஆகியோரின் தொழுகை மேலே உயராது என்ற கருத்தும் வேறு அறிவிப்புகளில் வருகிறது.

இவற்றைப் புரிந்துகொள்வதில் மூத்த அறிஞர்களிடையே நடந்த ஒரு விவாதம் நம் கேள்விக்கு நேராகப் பதில் தருகிறது. ஹிஜ்ரி 536இல் மறைந்த மாஸிரீ, ஓடிப்போன அடிமை பற்றிய ஹதீஸுக்கு ஒரு விளக்கம் சொன்னார். அந்தச் செயலை ஹலால் என்று கருதியவரையே அது குறிக்கிறது. ஹராமை ஹலாலாக்கியவர் ஈமானை இழக்கிறார், அதனால் தொழுகையும் போகிறது என்றார். காழீ இயாழும் அவரைப் பின்பற்றினார். ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் அதை ஏற்கவில்லை. ஹராம் என்று அறிந்தே அதைச் செய்தவருக்கும் அந்த ஹதீஸ் பொருந்தும் என்றார். ஏற்கப்படவில்லை என்பதால் கூடவில்லை என்று ஆகிவிடாது. தொழுகை கூடும், கடமை நீங்கும், நற்கூலிதான் கிடைக்காது என்று விளக்கினார். இமாம் நவவி (ரஹ்) தம் முஸ்லிம் விரிவுரையில் இரண்டையும் எடுத்து வைத்து, இப்னுஸ் ஸலாஹின் பக்கமே நின்றார்.

குறிகாரரிடம் போனவர் பற்றிய ஹதீஸிலும் நவவி இமாம் இதையே உறுதி செய்கிறார். 40 இரவுத் தொழுகைகளை அவர் திரும்பத் தொழ வேண்டியதில்லை என்பதில் அறிஞர்கள் ஒன்றுபட்டுள்ளனர்; ஆகவே அங்கே இல்லாமல் போவது நற்கூலி, கடமை நீங்கிவிடும் என்கிறார். குடித்தவர் பற்றிய ஹதீஸுக்கும் இந்த விளக்கமே பொருந்துகிறது.

நம் சகோதரர் போட்ட கணக்கின் பிழை இங்கே வெளிப்படுகிறது. அந்த 40 நாளும் தொழுதவர் நற்கூலியை இழக்கிறார், கடமையைத் தீர்த்துவிடுகிறார். தொழாதவர் நற்கூலியையும் இழந்து, கடமையையும் சுமந்து, தொழுகையை விட்ட பாவத்தையும் சேர்த்துக்கொள்கிறார். அந்தப் பாவம் சாதாரணமானதன்று. மனிதனுக்கும் இறைமறுப்புக்கும் இடையே தொழுகையை விடுவதே நிற்கிறது என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. அதை வைத்து, தொழுகையை விட்டவர் இஸ்லாத்தை விட்டே வெளியேறிவிட்டார் என்று சொன்ன இமாம்களும் உண்டு. குடித்தவரைப் பற்றி அப்படிச் சொன்னவர் அஹ்லுஸ் ஸுன்னாவில் எவருமில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மது பற்றிய அந்த ஹதீஸ் 40 நாளோடு முடிவதில்லை. அவர் தவ்பா செய்தால் அல்லாஹ் அதை ஏற்கிறான் என்று அடுத்த வாக்கியமே வருகிறது. பயானிலும் வீட்டிலும் முதல் பாதி மட்டும் சொல்லப்படுகிறது; மறுபாதி விடுபட்டுப்போகிறது. கதவு மூடும் சத்தத்தை மட்டும் மக்கள் கேட்கிறார்கள். அது திறந்திருப்பதைச் சொல்லும் வாசகம் அவர்கள் காதுக்கு எட்டுவதில்லை.

போதையில் இருக்கும்போதே தொழுவது வேறு விஷயம். சொல்வது இன்னதென்று அறியாத நிலையில் தொழுகையை நெருங்கக் கூடாது என்று குர்ஆன் (4:43) தடுக்கிறது. அப்படித் தொழுதது கூடாது. தெளிந்த பிறகு தொழ வேண்டும்.

தக்வா உள்ளவரிடமிருந்து மட்டுமா?

ஆதம் (அலை) அவர்களின் இரு புதல்வர்கள் குர்பானி கொடுத்த நிகழ்ச்சியில், ஒருவருடையது ஏற்கப்பட்டது, மற்றவருடையது ஏற்கப்படவில்லை. தக்வா உள்ளவர்களிடமிருந்தே அல்லாஹ் ஏற்கிறான் என்று அங்கே குர்ஆன் (5:27) சொல்கிறது. இந்த ஒரு வசனம் இஸ்லாமிய வரலாற்றில் பெரிய வாதங்களுக்கு இடமானது.

ஹிஜ்ரி 37இல் நடந்த ஸிஃப்பீன் போரை ஒட்டித் தோன்றிய கவாரிஜ்கள், பெரும்பாவம் செய்தவர் காஃபிராகிவிடுகிறார் என்றார்கள். அடுத்த நூற்றாண்டில் பஸ்ராவில் தோன்றிய முஃதஸிலாக்கள், அவர் முஃமினும் அல்லர் காஃபிரும் அல்லர், இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் இருக்கிறார் என்றார்கள். ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களின் சபையில் இந்தக் கேள்வி எழுந்தபோதுதான் முஃதஸிலாக்களின் முன்னோடியான வாஸில் இப்னு அதா பிரிந்து போனார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. தவ்பா இல்லாத பெரும்பாவம் நல்லமல்களை அழித்துவிடும் என்பதும் அவர்கள் கொள்கை. இந்த இரு சாராருக்கும் மேற்கண்ட வசனம் ஆதாரமாயிற்று. பெரும்பாவி தக்வா உள்ளவர் அல்லர், ஆகவே அவரிடமிருந்து எதுவும் ஏற்கப்படாது என்றார்கள். மறுகோடியில் நின்ற முர்ஜிஆக்கள், இணைவைப்பைத் தவிர்த்தவரே தக்வா உள்ளவர், அவருடைய எல்லாமும் ஏற்கப்படும் என்றார்கள்.

ஹிஜ்ரி 728இல் மறைந்த இப்னு தைமிய்யா (ரஹ்) ‘மின்ஹாஜுஸ் ஸுன்னா’வில் இந்த மூன்று பார்வைகளையும் நிறுத்துப் பார்த்து, முன்னோர்களின் வழி இன்னது என்று எடுத்துரைக்கிறார். எந்த அமலைச் செய்கிறாரோ அந்த அமலில் தக்வா இருந்தால் அது ஏற்கப்படும். அல்லாஹ்வுக்காக, அவன் கட்டளையிட்ட முறையில் ஒருவர் தொழுதால் அந்தத் தொழுகையில் அவர் தக்வா உள்ளவர்; வேறொரு விஷயத்தில் அவர் பாவியாக இருக்கலாம். ஒரே மனிதரிடம் நன்மையும் பாவமும் சேர்ந்தே இருக்கும். நன்மைக்குக் கூலியும் பாவத்துக்குத் தண்டனையும் தனித்தனியே உண்டு. ஹிஜ்ரி 321இல் மறைந்த தஹாவீ இமாமின் அகீதா நூலும், ஹலாலென்று கருதாதவரை எந்தப் பாவத்துக்காகவும் கிப்லாவாசியைக் காஃபிர் என்று சொல்லலாகாது என்ற நிலையையே பதிவு செய்கிறது.

வாழ்க்கையில் இதற்குச் சான்று நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே இருக்கிறது. மது அருந்தியதற்காகத் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்ட ஒரு தோழரை, ஒருவர் சபித்தார். சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். உமர் (ரலி) அறிவிக்கும் இந்த நிகழ்ச்சி புகாரியில் உள்ளது. தண்டனை குறையவில்லை. நேசம் இருப்பதும் மறுக்கப்படவில்லை.

இதனால் ஏற்பு எளிதான விஷயம் ஆகிவிடாது. ஒரே ஒரு தொழுகை தம்மிடமிருந்து ஏற்கப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால், அது உலகத்தையும் அதிலுள்ளவற்றையும்விடத் தமக்கு உவப்பானது என்று, அந்த வசனத்தைச் சொல்லியே அபுத்தர்தா (ரலி) கூறியிருக்கிறார்கள். கொடுத்ததைக் கொடுத்துவிட்டு உள்ளம் நடுங்குபவர்கள் என்று குர்ஆன் (23:60) குறிப்பிடுவோர் யார், குடிப்பவர்களும் திருடுபவர்களுமா என்று ஆயிஷா (ரலி) கேட்டார்கள். இல்லை, தொழுது, நோன்பிருந்து, தர்மம் செய்து, அது ஏற்கப்படாமல் போகுமோ என்று அஞ்சுபவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதாகத் திர்மிதியில் உள்ளது. ஆக, ஏற்பைப் பற்றிய கவலை பாவிக்கு மட்டும் உரியதன்று. நல்லடியார்தான் அதில் அதிகம் கவலைப்பட்டார்.

பறித்த நிலமும் ஹராமான பணமும்

பாவம் தொழுகைக்கு வெளியே இல்லாமல் தொழுகையோடு ஒட்டிக்கொண்டிருந்தால்? பிறருடைய நிலத்தைப் பறித்துக்கொண்டு அதிலேயே நின்று தொழுகிறார் ஒருவர். ஹனஃபீ, ஷாஃபிஈ, மாலிகீ அறிஞர்களின் பெரும்பான்மை முடிவு, தொழுகை கூடும், பறித்த பாவம் தனியே எழுதப்படும் என்பது. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலின் பிரபலமான கருத்தில் அந்தத் தொழுகையே கூடாது. ஹராமான பணத்தில் ஹஜ் செய்பவர் விஷயத்திலும் அவ்வாறே. ஹஜ் கூடும், ஆனால் அவர் பாவியாகிறார் என்று மூன்று மத்ஹபுகள் சொல்ல, அஹ்மத் அதைக் கடமை நிறைவேறியதாகக் கொள்ளவில்லை என்று நவவி இமாம் ‘அல்மஜ்மூஉ’ நூலில் எழுதுகிறார்.

இந்த வேறுபாடு கவனத்துக்குரியது. மூன்று மத்ஹபுகள் ‘கூடும்’ என்று சொன்னதைக் கேட்டு, வட்டிப் பணத்தில் உம்ரா போய் வந்து மனம் நிறைபவர்கள் இருக்கிறார்கள். ‘கூடும்’ என்பது கடன் அட்டையில் கையெழுத்து விழுந்ததைப் போன்றது. கடன் கொடுத்தவன் மகிழ்ந்தானா என்பது அதில் தெரியாது. அல்லாஹ் தூய்மையானவன், தூய்மையானதையே ஏற்கிறான் என்ற ஹதீஸ் தர்மத்துக்கும் ஹஜ்ஜுக்கும் ஒருசேரப் பொருந்துகிறது.

துஆ: உணவிலிருந்து தொடங்கும் தடை

தொழுகையில் ‘கூடும்’, ‘கபூலாகும்’ என்ற இரண்டு படிகள் உள்ளன. துஆவில் ஒரே படிதான்: பதில் கிடைக்குமா, கிடைக்காதா. அதனால் பாவத்தின் பாதிப்பு அங்கே இன்னும் நேராக வெளிப்படுகிறது.

நீண்ட பயணத்தில் இருக்கும் ஒருவரை நபி (ஸல்) அவர்கள் சித்திரித்ததை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். தலை கலைந்து, உடலில் புழுதி படிந்து, இரு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்தி, இறைவனைத் திரும்பத் திரும்ப அழைக்கிறார். பயணம், எளிமை, உயர்த்திய கை, ‘யா ரப்’ என்ற அழைப்பு என்று துஆ ஏற்கப்படுவதற்குரிய காரணங்கள் அத்தனையும் அவரிடம் இருக்கின்றன. ஆனால் அவர் உண்பது ஹராம், குடிப்பது ஹராம், உடுப்பது ஹராம், உடல் வளர்ந்ததே ஹராமில். அவருக்கு எங்கிருந்து பதில் கிடைக்கும் என்ற கேள்வியோடு முஸ்லிமில் உள்ள அந்த ஹதீஸ் முடிகிறது. பெரும்பாவங்களில் துஆவுக்கு நேரடித் தடையாக ஹதீஸில் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லப்பட்டது ஹராமான சம்பாத்தியம்தான். லஞ்சம், வட்டி, எடைமோசடி, கூலி மறுப்பு, வரதட்சணை என்று வீட்டுக்குள் வந்த எதுவும் துஆவின்மீது கை வைக்கிறது.

பாவத்தைக் கோரும் துஆவும் உறவை முறிக்கக் கோரும் துஆவும் ஏற்கப்படாது என்றும், கேட்டுக் கேட்டுப் பார்த்தேன் கிடைக்கவில்லை என்று அவசரப்பட்டுக் கைவிடுபவர் இழக்கிறார் என்றும் இன்னொரு ஹதீஸ் சொல்கிறது. நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் கடமையைச் சமுதாயம் கைவிட்டால் அதன் துஆ ஏற்கப்படாமல் போகும் என்று ஹுதைஃபா (ரலி) அறிவிப்பது திர்மிதியில் உள்ளது. பாவம் தனிமனிதருக்கு மட்டும் சொந்தமில்லை என்பதை அது உணர்த்துகிறது. மழைத் தொழுகைக்கு முன் தவ்பா செய்ய வேண்டும், பறித்த உரிமைகளைத் திருப்பித் தர வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்வதும் இதனால்தான்.

ஹிஜ்ரி 751இல் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) பாவங்களின் விளைவைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதினார். துஆ வலிமையான மருந்து என்று சொல்லிவிட்டு, அது சில நேரம் ஏன் வேலை செய்வதில்லை என்று ஆராய்கிறார். கேட்கும் துஆவே தகாததாக இருக்கலாம். கேட்பவரின் உள்ளம் அல்லாஹ்விடம் குவியாமல் இருக்கலாம். ஹராமான உணவு, அநியாயம், உள்ளத்தில் படிந்த பாவக்கறை போன்ற தடை குறுக்கே நிற்கலாம் என்கிறார். பாவம் செய்தால் உள்ளத்தில் ஒரு கரும்புள்ளி விழுகிறது, தவ்பா செய்தால் அது துடைக்கப்படுகிறது, பாவம் தொடர்ந்தால் அது பெருகி உள்ளத்தை மூடுகிறது என்ற ஹதீஸ் (திர்மிதி) இதற்கு அடிப்படை.

ஆயினும் இதிலிருந்து இரண்டு தவறான முடிவுகளுக்குப் போய்விடக் கூடாது.

ஒன்று, பாவியின் துஆ கேட்கப்படவே மாட்டாது என்ற முடிவு. இப்லீஸே அவகாசம் கேட்டான். அவனுக்கு அவகாசம் கொடுக்கப்பட்டது (7:14, 15). கடலில் சிக்கிய இணைவைப்பாளர்கள் கலப்பின்றி அல்லாஹ்வை அழைத்தபோது கரை சேர்க்கப்பட்டார்கள் (29:65). ஹிஜ்ரி 198இல் மறைந்த ஸுஃப்யான் இப்னு உயைனா (ரஹ்) இப்லீஸின் அந்த நிகழ்ச்சியைக் காட்டித்தான், உங்களைப் பற்றி நீங்கள் அறிந்திருக்கும் குறைகள் துஆவைத் தடுத்துவிட வேண்டாம் என்று அறிவுறுத்தினார். அநீதிக்குள்ளானவர் பாவியாகவே இருந்தாலும் அவருடைய துஆ ஏற்கப்படும் என்ற அறிவிப்பு முஸ்னத் அஹ்மதில் உண்டு. அவருடைய துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்பதை முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது நபி (ஸல்) அவர்கள் எச்சரிக்கையாகவே சொல்லி அனுப்பினார்கள்.

மற்றொன்று, துஆ கிடைக்காதவரெல்லாம் பாவி என்ற முடிவு. தம் சமுதாயத்துக்காக நபி (ஸல்) அவர்கள் மூன்றைக் கேட்டார்கள். பஞ்சத்தால் அழியாதிருக்க வேண்டும், வெள்ளத்தில் மூழ்கி அழியாதிருக்க வேண்டும், தங்களுக்குள் சண்டையிடாதிருக்க வேண்டும். முதல் இரண்டும் கொடுக்கப்பட்டன. மூன்றாவது கொடுக்கப்படவில்லை (முஸ்லிம்). நபியின் துஆவிலேயே இப்படி என்றால், குழந்தை இல்லாத பெண்ணையோ நோய் தீராத பெரியவரையோ பார்த்து, என்ன பாவம் செய்தாரோ என்று பேச நமக்கு என்ன உரிமை இருக்கிறது? கேட்டது உடனே கிடைப்பது, மறுமைக்குச் சேர்த்து வைக்கப்படுவது, அதற்கு ஈடான தீங்கு நீக்கப்படுவது என்று துஆவுக்கு மூன்று பலன்கள் இருப்பதை அபூஸயீத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (அஹ்மத்) கூறுகிறது.

பயான்களில் அடிக்கடி கேட்கும் இன்னொரு செய்தியையும் தொட்டுவிட வேண்டும். ஒரு கவளம் ஹராம் உண்டால் 40 நாள் அமல் ஏற்கப்படாது என்ற அறிவிப்பு தப்ரானீயில் வருகிறது. பத்துத் திர்ஹம் ஆடையில் ஒரு திர்ஹம் ஹராம் என்றால் அதை உடுத்தித் தொழுதது ஏற்கப்படாது என்ற அறிவிப்பு அஹ்மதில் வருகிறது. இரண்டும் பலவீனமானவை என்று ஹதீஸ்துறை அறிஞர்கள் கூறியுள்ளனர். ஹராமின் கேட்டைச் சொல்ல முஸ்லிமில் உள்ள அந்தப் பயணியின் ஹதீஸே போதும்.

ஏற்கப்பட்டும் கையில் நிற்காத நன்மை

தொழுகை கூடிவிட்டது, கபூலும் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஓர் ஆபத்து மிச்சமிருக்கிறது. உங்களில் ஓட்டாண்டி யார் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். காசும் பொருளும் இல்லாதவர் என்றார்கள் தோழர்கள். நபி (ஸல்) அவர்கள் வேறொருவரைக் காட்டினார்கள். தொழுகை, நோன்பு, ஸகாத் எல்லாவற்றோடும் மறுமையில் அவர் வருவார். ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பார், ஒருவர்மீது அவதூறு சொல்லியிருப்பார், ஒருவருடைய பொருளைத் தின்றிருப்பார், ஒருவருடைய இரத்தத்தைச் சிந்தியிருப்பார். அவருடைய நன்மைகள் அவர்களுக்குப் பங்கிடப்படும். தீர்ந்துபோனால் அவர்களுடைய பாவங்கள் அவர்மீது சுமத்தப்படும். முஸ்லிமில் உள்ள இந்த ஹதீஸ் நம் கேள்வியின் போக்கையே மாற்றுகிறது. அவருடைய தொழுகை ஏற்கப்பட்டிருந்ததால்தான் பங்கிட நன்மை இருந்தது. அடியார்களின் உரிமையில் அவர் செய்த பெரும்பாவம் அதை அவர் கையிலிருந்து பிறர் கைக்கு மாற்றிவிட்டது.

தம்பியின் பங்கை எழுதி வாங்கிக்கொண்டவரும், சகோதரிக்குச் சேர வேண்டிய வாரிசுச் சொத்தை மறுத்தவரும் முதல் வரிசையில் நின்று தொழுவதை நாம் பார்க்கிறோம். அவர்கள் தொழுகை கூடாது என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. யாருக்காகத் தொழுகிறார்கள் என்று அவர்களே எண்ணிப் பார்க்க இந்த ஹதீஸ் போதுமானது.

தொழுகை பாவத்தின்மீது செய்யும் வேலை

இதுவரை பாவம் தொழுகையை என்ன செய்யும் என்று பார்த்தோம். தொழுகை பாவத்தை என்ன செய்யும் என்பதையும் குர்ஆன் சொல்கிறது. மானக்கேடானவற்றிலிருந்தும் தீயவற்றிலிருந்தும் தொழுகை தடுக்கும் (29:45). நன்மைகள் தீமைகளைப் போக்கிவிடும் (11:114). அந்நியப் பெண் ஒருத்தியை முத்தமிட்டுவிட்ட ஒருவர் மனம் கலங்கி வந்தபோது இந்த இரண்டாவது வசனம் அருளப்பட்டதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஐவேளைத் தொழுகையும் ஜும்ஆவும் ரமளானும் இடைப்பட்ட பாவங்களுக்குப் பரிகாரமாகும், பெரும்பாவங்கள் தவிர்க்கப்பட்டால் என்கிறது முஸ்லிமின் இன்னொரு ஹதீஸ். சிறுபாவங்களைத் தொழுகை கழுவுகிறது; பெரும்பாவத்துக்குத் தனியே தவ்பா வேண்டும் என்று பெரும்பாலான அறிஞர்கள் இதிலிருந்து முடிவு செய்தார்கள்.

இரவெல்லாம் தொழுதுவிட்டுக் காலையில் திருடுகிறார் ஒருவர் என்று நபி (ஸல்) அவர்களிடம் முறையிடப்பட்டது. அந்தத் தொழுகையை விட்டுவிடச் சொல்லுங்கள், அதனால் பயனில்லை என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. அவருடைய தொழுகையே அவரைத் தடுக்கும் என்றார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. 40 நாள் கழித்து வருகிறேன் என்று விலகிப் போகும் சகோதரருக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் இல்லை. பாவத்தை விட்டபிறகுதான் தொழ வேண்டும் என்றால், பாவத்தை விட வைக்கும் கருவியையே அவர் கீழே போட்டுவிட்டார் என்று பொருள்.

முடிவாக

பெரும்பாவம் வணக்கத்தைப் பாதிக்கிறது. இணைவைப்பு அதை முற்றாக அழிக்கிறது. மதுவும் குறிகேட்டலும் 40 நாளின் நற்கூலியைப் பறிக்கின்றன. ஹராமான சம்பாத்தியம் துஆவின் வழியை அடைக்கிறது. பிறர் உரிமையைப் பறித்த பாவம், ஏற்கப்பட்ட நன்மையையும் பிறருக்கு மாற்றிக் கொடுக்கிறது. ஆனால் எந்தப் பெரும்பாவமும் தொழும் கடமையை ஒருவர் தோளிலிருந்து இறக்குவதில்லை. தவ்பாவின் வாசலை எதுவும் அடைப்பதில்லை. 99 பேரைக் கொன்றவன், நூறாவதாகவும் ஒருவரைக் கொன்ற பிறகு, தவ்பா தேடிப் புறப்பட்டு வழியில் இறந்தபோது அருளின் வானவர்களிடம் ஒப்படைக்கப்பட்டான் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி.

தவ்பாவின் நிபந்தனைகளை நவவி இமாம் எண்ணிச் சொல்கிறார்: பாவத்தை உடனே விடுவது, செய்ததற்கு வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்வது. பிறர் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பது நான்காவது. இவற்றில் எதற்கும் 40 நாள் காத்திருக்கத் தேவையில்லை.

மிம்பரில் நிற்கும் ஆலிம்களுக்கும் வீட்டில் பிள்ளைகளைத் திருத்தும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த ஹதீஸைச் சொல்லுங்கள், கடைசிவரை சொல்லுங்கள். பாவத்தில் விழுந்த சகோதரருக்கு: அடுத்த பாங்கு கேட்கும்போது உளூச் செய்துகொண்டு பள்ளிக்கு வாருங்கள். கஅபாவின் சுவர்களை எழுப்பிக்கொண்டிருந்த இப்ராஹீமும் இஸ்மாயீலும் (அலை) கூட எங்களிடமிருந்து ஏற்றுக்கொள் என்றுதான் கேட்டார்கள் (2:127). ஏற்கச் சொல்லிக் கேட்பது அடியானின் வேலை. அதைக் கேட்கவும் ஸஃப்பில் வந்து நிற்க வேண்டும்.